கதிரேசன் எண்டா சூரியனா, கதிர்காமமா?

வெள்ளவத்தைக்காரன்:
மகன் பிறந்து 18 நாள். திருவாதிரை. சாத்திரியார் 'க' எழுத்தில வையுங்கோ எண்டிட்டார். எனக்கு அப்பப்பாவின்ர பேர் கதிரேசன்தான் விருப்பம். மனிசி நெட்டில பாத்திட்டு, கதிரேசன் எண்டா சூரியக் கடவுளாம் எண்டு சொல்றா. ஆனா அப்பப்பா ஒருநாளும் சூரியனைப் பற்றிக் கதைச்சதில்லை. கதிர்காமத்து முருகனுக்கு நேத்தி வைச்சுப் பிறந்தபடியால் வந்த பேர் எண்டுதான் சொல்லுவார். எது சரி? வாற கிழமை பதியப் போகவேணும்.

செட்டியார்தெரு:
தம்பி, அப்பப்பா சொன்னதுதான் சரி. நான் 30 வருசமா நகைக்கடையில நிக்கிறேன். கொழும்புல நம்ம செட்டியார் தெருவுல பழைய கதிரேசன் கோவில், புதிய கதிரேசன் கோவில் ரெண்டும் இருக்கு. உள்ளே இருக்கிறது முருகன். ஆடிவேல் திருவிழாவுக்குத் தேர் ஏறிப் பம்பலப்பிட்டிப் பக்கம் போறவரும் அவர்தான். இன்னொண்ணு, கதிரும் ஈசனும் தமிழ் முறையில சேர்ந்தா 'கதிரீசன்'னுதானே வரணும்? அந்த 'ரே' எங்கேயிருந்து வந்துச்சு? கதிர்காமத்துக்கு இன்னொரு பேர் கதிரை. கதிரை ஈசன்தான் கணேசன், நடேசன் மாதிரி கதிரேசன் ஆயிருக்கணும். இது என் கணக்கு. ஈசன்னா சிவன் மட்டுமில்ல, தலைவன்னும் அர்த்தம்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
கதிரைவேலு எண்டு மட்டும் வைச்சிடாதேங்கோ. எங்கட வகுப்பில ஒருத்தன் இருந்தவன். நாங்கள் இருக்கிற கதிரை, அதான் நாற்காலி, போர்த்துக்கேயர் விட்டிட்டுப்போன சொல், ஊர்ப் பேரோட ஒரு சொந்தமும் இல்லை. பெடியளுக்கு அது விளங்குமே? "வேலு, உன்னில இருக்கட்டே?" எண்டு கேட்டுக் கேட்டே அழ வைச்சவங்கள். திரு.வி.க.வுக்குத் தமிழ் படிப்பிச்சு, அகராதியும் தொகுத்தவர் எங்கட புலோலிக் கதிரைவேற்பிள்ளை. அது அப்ப எனக்குத் தெரிஞ்சிருந்தா அவங்களுக்கு நல்லாக் குடுத்திருப்பன்.

பாளி படிச்சவன்:
கதிர்காமத்திலயே கதிர் இருக்கோ எண்டது எனக்குச் சந்தேகம். இலங்கையின்ர பழைய பாளி வரலாற்று நூல் மகாவம்சத்தில, அநுராதபுரத்து வெள்ளரசு (போதிமரம்) நடுகைக்கு வந்த சத்திரியரின்ர ஊர் 'காஜரகாம'. காம எண்டா பாளியில ஊர். வெளிச்சத்தை நாங்கள்தான் பிறகு ஏத்தியிருக்கிறம் போல.

வெள்ளவத்தைக்காரன்:
எல்லாத்தையும் மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். "சரி, கதிரேசனே இருக்கட்டும், ஆனா நான் கதிர் எண்டுதான் கூப்பிடுவன்" எண்டிட்டா. இப்ப இங்கிலீஷில எழுதேக்க 'T'யா, 'TH'ஆ எண்டு அடுத்த சண்டை தொடங்கியிருக்கு.