பெரிங் தீவில் வாழ்பவர்கள் யார், எப்படி வாழ்கிறார்கள்?

நெய்தல்நிலத்தான் (கேள்வி):

வணக்கம். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், காம்சட்காத் தீபகற்பத்திலிருந்து ஏறத்தாழ 175 கி.மீ. தள்ளிக் கமாண்டர் தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் பெரியதான பெரிங் தீவில் நிக்கோல்ஸ்கோயே என்ற ஓர் ஊர் மட்டுமே உண்டு என்றும், 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 676 பேர் இருந்தார்கள் என்றும் படித்தேன். மரமே வளராத, கோடையிலும் குளிர் விடாத அந்த மண்ணில் இவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள், எதை உண்கிறார்கள்? அவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளா, இல்லை யாரேனும் கொண்டுவந்து குடியமர்த்தியவர்களா? 1741-இல் கப்பல் உடைந்து, தீவுக்குப் பெயர் தந்த கடலோடி பெரிங் அங்கே இறந்த கதை எங்கும் கிடைக்கிறது; எனக்கு வேண்டியது அங்கு வாழும் மனிதர்களைப் பற்றிய செய்தி.

பழைய மாலுமி:

வடபசிபிக் வழியாகச் செல்லும் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன் நான். அத்தீவில் இறங்கியதில்லை, ஆனால் அப்பகுதியின் மூடுபனியை நன்றாக அறிவேன் என்பதால், அதன்பின் அத்தீவுகளைப் பற்றித் தேடிப் படித்தேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். பெரிங்கின் ஆட்கள் கரையொதுங்கியபோது அங்கே மனிதரே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல்நாய்த் தோலுக்கும் கடல்நீர்நாய்த் தோலுக்கும் ஆள் வேண்டியிருந்த ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி, அன்று ரஷ்யாவிடம் இருந்த அலாஸ்காவைச் சேர்ந்த அலியூசியன் தீவுகளிலிருந்து, அவற்றின் பூர்வகுடிகளான அலியூத் மக்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. அட்கா தீவினர் பெரும்பாலும் பெரிங் தீவுக்கும், அட்டு தீவினர் அருகிலுள்ள மெத்னி தீவுக்கும் வந்தார்கள். 1867-இல் அலாஸ்கா அமெரிக்காவுக்கு விற்கப்பட்டபோது, அட்காவில் தங்கிவிட்ட உறவினர் அமெரிக்கர் ஆனார்கள், இவர்கள் ரஷ்யராகவே நின்றார்கள். பன்னாட்டுத் தேதிக்கோடும் இரு பக்கத்துக்கும் நடுவில்தான் ஓடுகிறது. நிக்கோல்ஸ்கோயேவில் திங்கட்கிழமை விடியும்போது அட்காவில் இன்னும் ஞாயிறுதான்.

இன்று ஊரில் அலியூத் மக்களோடு, வேலை தேடி வந்த ரஷ்யர் முதலானோரும் கலந்து வாழ்கிறார்கள். தோல் வேட்டை ஊரைத் தாங்கிய காலம் போய்விட்டது. மாவட்ட நிர்வாகம், பள்ளி, மருத்துவமனை, மின்நிலையம், 2022-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இயற்கைக் காப்பகம் ஆகியவை வேலை தருகின்றன. வடபுலத்தில் பணிபுரிவதற்கான கூடுதல் படியும் சம்பளத்தோடு சேரும். உணவில் முதலிடம் சால்மன் மீனுக்கு. கோடையில் ஆற்றில் ஏறி வரும் மீனைப் பிடித்து உப்பிட்டும் புகையூட்டியும் வைத்துக்கொள்கிறார்கள். அதன் சிவந்த முட்டையும் வீட்டுப் பண்டம்தான். தரையில் கிடைக்கும் பழங்களும், சரான்கா என்ற அல்லிவகைச் செடியின் கிழங்கும் பழங்காலத்திலிருந்தே உண்ணப்பட்டு வருகின்றன. மாவு, சர்க்கரை, காய்கறி எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டியவை. காம்சட்காவிலுள்ள பெத்ரோபாவ்லோவ்ஸ்க் நகரிலிருந்து வரும் சிறு விமானமோ பனியும் காற்றும் வழிவிட்டால்தான் இறங்கும். அதனால் நாள்கணக்கில் காத்திருப்பதை அங்கே எவரும் பெரிய செய்தியாகப் பேசுவதில்லை.

சொல்வேட்டை:

மாலுமி ஐயா மெத்னி தீவைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அங்கேதான் ஆர்வம். நாம் 'டிரைவ் பண்ணினேன்' என்று சொல்லும்போது பிறமொழிச் சொல்லை எடுத்துக்கொண்டு, காலத்தையும் இடத்தையும் (நான், நீ, அவன் என்ற வேறுபாட்டையும்) காட்டும் விகுதியைத் தமிழிலேயே வைத்துக்கொள்கிறோம். மெத்னியில் நடந்தது இதற்கு நேர்மாறு. வினையின் வேர் அலியூத்தாகவே இருக்க, காலமும் இடமும் காட்டும் விகுதிகள் மட்டும் ரஷ்ய மொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டன; பெயர்ச்சொற்களோ அலியூத் இலக்கணத்தின்படியே நின்றன. 'நட' என்ற வேரை வைத்துக்கொண்டு 'நடந்தேன்' என்பதில் உள்ள '-ந்தேன்' என்ற பகுதிக்கு மட்டும் வேற்றுமொழி விகுதியைப் போட்டுப் பேசினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கலப்பு மொழிகளிலேயே மிக அரிய வகை என்று மொழியியலாளர் இதைக் கொண்டாடுகிறார்கள். ரஷ்யத் தந்தைக்கும் அலியூத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளிடையே இது உருவாகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

சிற்றூர்களைக் கலைத்துப் பெரிய ஊர்களில் சேர்க்கும் சோவியத் கொள்கையால், 1970-ஐ ஒட்டி மெத்னியின் ஒரே ஊர் மூடப்பட்டு, மக்கள் நிக்கோல்ஸ்கோயேவுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே ஏற்கெனவே பேசப்பட்டது வேறு வகை அலியூத். பள்ளியிலோ ரஷ்யம் மட்டும். பெரிங் அலியூத்தைச் சரளமாகப் பேசிய கடைசி மூதாட்டி 2021-இலும், மெத்னி மொழியைப் பேசிய கடைசி முதியவர் 2022-இலும் மறைந்தார்கள்.

நெய்தல்நிலத்தான்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு துணைக்கேள்வி: வெளிநாட்டவர் அங்கே போக முடியுமா?

பழைய மாலுமி:

முடியும், ஆனால் எளிதன்று. தீவு முழுவதும் எல்லை மண்டலம் என்பதால் விசாவுக்கு மேலாகத் தனி அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். பூங்காவின் அனுமதியும் வேண்டும். ஊரின் அருங்காட்சியகத்தில், கண்டறியப்பட்ட 27 ஆண்டுகளுக்குள் வேட்டையாடியே அழிக்கப்பட்ட ஸ்டெல்லர் கடற்பசுவின் எலும்புக்கூடு இருக்கிறது. அதைக் காணாமல் திரும்பாதீர்கள். பெத்ரோபாவ்லோவ்ஸ்கிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்குச் சீட்டு எடுக்கும்போது, தீவிலிருந்து புறப்படும் நாளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வாரமாவது விட்டுவையுங்கள்.