ஓசூரில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்: லிங்க்ட்இன் கணக்கு இருந்தும் பதில் வருவதில்லை, எதைத் திருத்த வேண்டும்?

காவேரிப்பட்டினம்_மெக்கானிக்கல்:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக வேலை பார்க்கிறேன். இதைவிடப் பெரிய இடத்துக்குப் போக வேண்டும் என்று லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் கணக்கு தொடங்கினேன். எங்கள் வீட்டிலோ நண்பர்களிலோ இதைப் பயன்படுத்தியவர்கள் இல்லாததால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. பெரிய நிறுவனங்களின் எச்ஆர் என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் இணைப்பு அழைப்பு அனுப்பினேன். பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதோடு, இப்போது புதிதாக யாருக்கும் அழைப்பு அனுப்ப முடியாதபடி தளமே தடுத்துவிட்டது. தளத்துக்குள்ளேயே விண்ணப்பிக்க உதவும் 'ஈஸி அப்ளை' மூலம் விண்ணப்பித்த வேலைகளுக்கும் பதில் இல்லை. என் பெயருக்குக் கீழே 'குவாலிட்டி இன்ஸ்பெக்டர்' என்ற பதவியும் கம்பெனி பெயரும் மட்டும் இருக்கின்றன.

பணம் கட்டி பிரீமியம் எடுத்தால் நிலைமை மாறுமா? ஊர் என்று கேட்கும் இடத்தில் ஓசூர் என்று போடுவதா, பெங்களூரு என்று போடுவதா? வேலை தேடுகிறேன் என்று காட்டும் 'ஓபன் டு வொர்க்' என்பதை இயக்கினால் இப்போதைய முதலாளிக்குத் தெரிந்துவிடுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

மத்திகிரி_எச்ஆர்:

தம்பி, வணக்கம். ஆள்சேர்ப்பு வேலையில் இருப்பவன் என்பதால் எங்கள் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

முதலில் அந்தத் தடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குறுகிய காலத்தில் நிறைய அழைப்புகள் போனாலோ, பெற்றவர்கள் பலர் அவற்றைப் புறக்கணித்தாலோ, தளம் இப்படி நிறுத்தி வைக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே விலகிவிடும். அதுவரை, ஏற்கப்படாமல் கிடக்கும் பழைய அழைப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றால், அவருக்கே மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஆள் தேவைப்படும்போது, யார் அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை. தேடும் பெட்டியில் வேலைக்குரிய சொற்களை இட்டு, ஊரைத் தேர்ந்தெடுத்துத் தேடுகிறோம். அந்தச் சொற்கள் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால், உங்களுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் எங்கள் கண்ணில் பட மாட்டீர்கள். பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது. நீங்களோ பதவியையும், வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு கம்பெனியின் பெயரையும் போட்டுவிட்டு மீதி இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக, 'குவாலிட்டி இன்ஸ்பெக்டர், சிஎன்சி மெஷின்ட் பார்ட்ஸ், இன்-ப்ராசஸ் மற்றும் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், சிஎம்எம், 7 க்யூசி டூல்ஸ், ஐஏடிஎஃப் 16949' என்ற அமைப்பில் எழுதுங்கள் (சிஎம்எம் என்பது பாகங்களைத் துல்லியமாக அளக்கும் இயந்திரம், 7 க்யூசி டூல்ஸ் என்பவை தரக் கட்டுப்பாட்டின் ஏழு அடிப்படை உத்திகள், ஐஏடிஎஃப் 16949 என்பது வாகனத் துறையின் தர நிர்வாகத் தரநிலை). இதில் எது உங்களுக்கு உண்மையாகத் தெரியுமோ அதை மட்டும் போடுங்கள். சிஎம்எம் என்று போட்டவரை நேர்முகத்தில் அந்த இயந்திரத்தின் முன்னாலேயே நிறுத்தி ஒரு பாகத்தை அளக்கச் சொல்வது எங்கள் வழக்கம்.

அடுத்து, அனுபவம் என்ற பகுதி. 'தரத்தைச் சரிபார்ப்பது என் பொறுப்பு' என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் புரியாது. எந்தப் பாகம், எந்தக் கருவி, எவ்வளவு டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வித்தியாசம்), ரிஜெக்‌ஷன் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். பிரேக் சம்பந்தப்பட்ட ஒரு பாகத்தின் உள்விட்டத்தைப் போர் கேஜ் வைத்து அளக்கிறீர்கள் என்றால் அதையே எழுதலாம். வாகனத் துறையில் இருக்கும் எவருக்கும் அந்த ஒரு வரியிலேயே உங்கள் வேலை விளங்கிவிடும். வாடிக்கையாளர் நிறுவனத்தின் டிராயிங், பாக எண், தணிக்கை அறிக்கை ஆகியவற்றின் படங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்றாதீர்கள்.

பிரீமியம் இப்போதைக்குத் தேவையில்லை. உங்கள் பக்கத்தை யார் யார் பார்த்தார்கள் என்பதைக் கூடுதலாகக் காட்டும், முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்தி அனுப்பச் சில வாய்ப்புகள் தரும், அவ்வளவுதான். பக்கம் வெறுமையாக இருந்தால் இவற்றால் பயனில்லை. ஒரு மாத இலவசச் சோதனையை எடுத்தால், முடியும் நாளுக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் கட்டணம் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

'ஓபன் டு வொர்க்' இரண்டு விதமாக இயங்கும். எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் உங்கள் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ஆள்சேர்ப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வளையம் வராது. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கம்பெனியின் ஆள்சேர்ப்பாளர்களுக்கு அதைக் காட்டாமல் இருக்கத் தளம் முயலும், ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. பக்கத்தில் செய்யும் மாற்றங்களைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் அமைப்பையும், திருத்தத் தொடங்கும் முன்பே அணைத்துவிடுங்கள்.

பர்கூர்_முன்னாள்_மாணவி:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முகம் தெரியாத எச்ஆர்களைவிட, உங்கள் கல்லூரியில் படித்து இப்போது அந்தந்த நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவில் வேலை பார்க்கும் சீனியர்கள்தாம் உங்களுக்குப் பதில் தருவார்கள். கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் 'அலும்னி' என்ற முன்னாள் மாணவர் பகுதி உண்டு. அங்கே எந்த ஊர், எந்த நிறுவனம், என்ன வேலை என்று பிரித்துப் பார்க்கலாம். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்த நான் எங்கள் சீனியர்களை அப்படித்தான் கண்டுபிடித்தேன். உங்கள் பக்கத்தில் படிப்பைச் சேர்க்கும்போது, கல்லூரியின் பெயரை நீங்களாகத் தட்டச்சு செய்து விட்டுவிடாமல், பட்டியலில் தோன்றும் சரியான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அந்த அலும்னி பகுதியில் வர மாட்டீர்கள்.

அழைப்போடு சேர்த்து எழுதும் குறிப்புக்குக் கட்டணமில்லாக் கணக்கில் 200 எழுத்துகள்தாம், அதுவும் மாதத்துக்குச் சிலவே கிடைக்கும். ஆகவே வீணாக்காமல் இப்படி எழுதுங்கள்: 'வணக்கம் அண்ணா. கிருஷ்ணகிரி பாலிடெக்னிக்கில் உங்கள் ஜூனியர். சிப்காட்டில் குவாலிட்டியில் இருக்கிறேன். உங்கள் பிரிவில் டிப்ளமோவுக்கு எந்தத் தேர்ச்சியை எதிர்பார்ப்பார்கள் என்று அறிய விரும்புகிறேன்.' முதல் செய்தியிலேயே வேலை வாங்கித் தாருங்கள் என்று கேட்டால் அவர்களால் என்ன சொல்ல முடியும்? பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டால் சொல்வார்கள். காலியிடம் வரும்போது அவர்களே உங்களை நினைத்துக்கொள்வார்கள்.

காவேரிப்பட்டினம்_மெக்கானிக்கல்:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. ஹெட்லைனையும் அனுபவத்தையும் திருத்தி எழுதிவிட்டேன். இதற்கிடையே ஒருவர் செய்தி அனுப்பி, ஒரு பெரிய மின்வாகன நிறுவனத்தில் இடம் உறுதி, மருத்துவப் பரிசோதனைக்கும் சீருடைக்கும் முன்பணம் கட்டினால் ஆஃபர் லெட்டர் வரும் என்கிறார். அவர் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரெல்லாம் இருக்கிறது. நம்பலாமா?

மத்திகிரி_எச்ஆர்:

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், ஆதார் நகலையும் அனுப்பாதீர்கள். நேர்மையான எந்த நிறுவனமும் வேலைக்கு வருபவரிடம் முன்பணம் கேட்காது. நிறுவனத்தின் பெயரை யார் வேண்டுமானாலும் தம் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். அவர் பக்கத்தில் 'அபௌட் திஸ் ப்ரொஃபைல்' என்பதைத் திறந்தால், கணக்கு எந்த மாதம் தொடங்கப்பட்டது, அடையாளமோ பணியிடமோ சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்பவை தெரியும். அந்த வேலை நிறுவனத்தின் சொந்த வலைத்தளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கைத் தளத்தில் புகார் செய்யுங்கள். யாரேனும் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

அத்திப்பள்ளி_தினப்பயணி:

ஊர் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். பெங்களூரு என்றே போட்டுவிடுங்கள். வாய்ப்புகள் அங்கேதான் அதிகம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு பக்கத் தொழிற்பேட்டைகளான பொம்மசந்திராவும் ஜிகணியும் வந்துவிடுகின்றன, ஓசூரிலிருந்து தினமும் போய்வருபவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம்.

மத்திகிரி_எச்ஆர்:

நண்பரே, இதில் நான் மாறுபடுகிறேன். ஓசூரிலேயே டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவையும், போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக்கும் இருக்கின்றன. உள்ளூர் ஆள் வேண்டும் என்று தேடுபவர், பெங்களூரு என்று போட்டவரைத் தாண்டிப் போய்விடுவார். ஆகவே பக்கத்தில் ஓசூர் என்ற உண்மையை வையுங்கள். 'ஓபன் டு வொர்க்' பகுதியில் வேலை செய்ய விரும்பும் ஊர்கள் பலவற்றைச் சேர்க்க முடியும். அங்கே ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு மூன்றையும் சேர்த்துவிடுங்கள். வேலை அறிவிப்பு அலர்ட்டையும் ஊர்வாரியாகத் தனித்தனியே வைத்து, வந்த அன்றே விண்ணப்பியுங்கள். 'ஈஸி அப்ளை' உள்ள வேலைகளுக்கு விண்ணப்பங்கள் வேகமாகக் குவிந்துவிடும். சிப்காட்டின் சிறு கம்பெனிகள் பல இந்தத் தளத்துக்கே வருவதில்லை. அவற்றுக்கு வழக்கம்போல் கேட்டில் ஒட்டும் அறிவிப்பும், தெரிந்தவர் மூலம் வரும் தகவலும்தாம் வழி.

அத்திப்பள்ளி_தினப்பயணி:

பல ஊர்களைச் சேர்க்கலாம் என்பது எனக்கும் புதிய செய்தி, ஐயா. அப்படியென்றால் ஓசூர் என்றே இருக்கட்டும், தம்பி. எங்கள் கம்பெனி இருக்கும் ஜிகணிப் பக்கம் குவாலிட்டியில் இடம் வந்தால் இதே இழையில் எழுதுகிறேன்.