கொட்டான் முடையச் சொல்லித்தர ஆள் வேண்டும் (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு (8 முதல் 13 வயது) வீட்டு வளவிலேயே கலை வகுப்பு நடத்தலாம் என்றிருக்கிறோம். காலையில் பனையோலைக் கொட்டான் (ஓலையில் முடையும் சின்னக் கூடை). மாலையில் அதே கொட்டானை வைத்து போனில் ஸ்டாப் மோஷன் படம். இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து, நொடிக்கு 12 படம் வீதம் ஓட்டினால் கொட்டான் தானாக நடக்கும். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்!

முடையத் தெரிந்த ஆச்சிமார் யாராவது வாரம் இரண்டு நாள் வர முடியுமா? வீடியோவைப் பார்த்துக் கொட்டானின் அடிப்பாகம் போட்டால் ஓலை நழுவிக்கொண்டே போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக் காட்ட ஆள் வேண்டும். சம்பளம், போக்குவரத்துச் செலவு, மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. ஒன்றே ஒன்று: மாதிரியை வைத்து அப்படியே செய்யச் சொல்ல வேண்டாம். நிறமும் கட்டமும் பிள்ளைகள் இஷ்டம். கோணலாக வந்தால் வரட்டும்.

அப்புறம் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் கலர் சிமெண்ட் கல்). கண்ணாடி மேல் அச்சு வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் ஊற்றி, அச்சைத் தூக்கும் அந்த நிமிஷத்தைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும். பிள்ளைகளை உள்ளே விடும் பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள். ஈர சிமெண்ட் கையைப் புண்ணாக்கும் என்பதால் வீட்டில் அதைத் தொடப்போவதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சின்ன அளவில் செய்து பார்த்தவர்கள் உண்டா? கலர் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்?

பழைய போன் இருந்தாலும் கொடுங்கள். திரையில் கீறல் இருந்தாலும் சரி, கேமரா வேலை செய்தால் போதும்.