என்எஃப்சி ஸ்டிக்கர் வேலை செய்யல, அவசரம்

கல்லாப்பெட்டி: கஸ்டமர் போனை வச்சதும் வைஃபை கனெக்ட் ஆகுற மாதிரி என்எஃப்சி ஸ்டிக்கர்ல (கிட்ட வச்சா போன் படிக்குற சிப் உள்ள ஸ்டிக்கர்) வைஃபை பேரு, பாஸ்வேர்டு எழுதினேன். கையில வச்சுப் பார்த்தப்ப ஓடுச்சு. கடையில ஒட்டினதும் ஒரு போனும் கண்டுக்கல. நாளைக்குக் கடை திறப்பு!

தாமிரக்கம்பி: என்ன போன்? என்ன சிப்? எதுமேல ஒட்டினீங்க?

பைட்கணக்கு: சிப் என்டேக் 213 மாடலா இருக்கும். எழுத இடம் 144 பைட்தான், பாஸ்வேர்டு நீளம்னா பத்தாது. 215 வாங்குங்க, 504 பைட்.

தாமிரக்கம்பி: பத்தலைன்னா எழுதும்போதே எரர் வந்திருக்கும்.

மூத்தகுடி: வாராவாரம் இதே கேள்வி. பழைய இழையைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்ல. முதல்ல போன்ல என்எஃப்சி ஆன் ஆகியிருக்கா, ஸ்கிரீன் அன்லாக்ல இருக்கான்னு பாருங்க.

கல்லாப்பெட்டி: எல்லாம் ஆன்தான். பில் கவுன்டர்ல ஒட்டியிருக்கேன், எவர்சில்வர்.

தாமிரக்கம்பி: அதான் வில்லன். ஸ்டிக்கர்ல பேட்டரி கிடையாது. போன் காயில் 13.56 மெகாஹெர்ட்ஸ்ல விடுற காந்தப்புலத்துலதான் சிப்புக்கு கரன்ட். பின்னாடி தகடு இருந்தா அதுல சுழல் மின்னோட்டம் கிளம்பி அந்தப் புலத்தையே அடிச்சுடும், ட்யூனிங்கும் விலகும். உரிச்சு மறுபடி ஒட்டாதீங்க, உள்ளே இருக்குற ஆன்டெனா கம்பி அறுந்துடும். புதுசு ஒண்ணை 1 செ.மீ. அக்ரிலிக் கட்டைமேல ஒட்டி வைங்க. இல்லன்னா ஃபெரைட் தாள் (புலம் தகட்டுக்குப் போகாம தடுக்குற காந்தத் தாள்) வச்ச 'ஆன்டி மெட்டல்' ஸ்டிக்கர் வாங்குங்க.

பைட்கணக்கு: 10 செ.மீ. வரை எட்டணுமே, தகடு இவ்வளவு கெடுக்குமா?

மூத்தகுடி: 10 செ.மீ. பெரிய ஆன்டெனா வச்ச ரீடர் கணக்கு. போன்ல 4 செ.மீ. கிடைச்சாலே அதிர்ஷ்டம்.

பைட்கணக்கு: ஸ்டாண்டர்டுல 10னுதானே இருக்கு?

மூத்தகுடி: ஸ்டாண்டர்டு படிச்சா போதாது, ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க.

தாமிரக்கம்பி: சண்டையை வேற இழையில வச்சுக்கோங்க. போனை வைக்கிற இடமும் முக்கியம். ஐபோன்ல ஆன்டெனா மேல் விளிம்புல, ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் கேமரா பக்கத்துல இல்ல முதுகு நடுவுல.

கல்லாப்பெட்டி: அக்ரிலிக் வச்சாச்சு, ஆண்ட்ராய்டு ஓகே. ஐபோன் அசையல. நன்றி.

தாமிரக்கம்பி: அது வேற கோளாறு. ஸ்டிக்கர்ல எழுதின வைஃபை ரெக்கார்டை ஐபோன் தானா எடுத்துக்காது, வெப் லிங்க்னா எடுக்கும். பக்கத்துலயே வைஃபை க்யூஆர் ஒட்டிடுங்க, கேமராவே படிக்கும். எல்லாம் சரின்னு பார்த்த பிறகு ஸ்டிக்கரை லாக் பண்ணுங்க, இல்லன்னா எவனாவது மாத்தி எழுதிட்டுப் போவான். லாக் பண்ணினா திரும்ப எடுக்க முடியாது, பாஸ்வேர்டு மாத்தினா புது ஸ்டிக்கர்தான்.

மூத்தகுடி: எவர்சில்வர், ஐபோன் ரெண்டையும் முதல் பதிவுலயே போட்டிருக்கலாம்.