5 மில்லிவாட்டை கிகாவாட்டா மாத்தினா எக்செல்ல பூச்சியம் வருது, என்ன செய்யுறது?

மின்மினி_வெள்ளவத்தை:

வணக்கம். நான் கொமர்ஸ் படிச்ச ஆள், அதால கொஞ்சம் பொறுமையா விளங்கப்படுத்துங்கோ. பம்பலப்பிட்டியில ஒரு சோலார் ஒஃபிஸ்ல டேட்டா என்ட்ரி வேலை. கூரையில பூட்டுற சிஸ்டம் எல்லாம் கிலோவாட்ல இருக்கு, ஒப்பிட்டுக் காட்டுறதுக்கு எண்டு போட்ட மன்னார் காத்தாலை, நொரோச்சோலை நிலக்கரி மின் நிலையம் எல்லாம் மெகாவாட்ல இருக்கு, இப்ப புதுசா வெயில் அளக்கிற சென்சர், அதோட சிக்னல் அனுப்புற குட்டி போர்ட் எண்டு வந்து சேர்ந்ததெல்லாம் மில்லிவாட்ல. எங்கட பெரியவர் மீட்டிங்குக்கு எல்லாத்தையும் ஒரே கொலத்தில கிகாவாட்ல போட்டுத் தாங்கோ எண்டுட்டார்.

சென்சர் 5 மில்லிவாட். மாத்தினா 0.00 எண்டு நிக்குது, ஃபோர்மட்டை ஜெனரலுக்குப் போட்டா 5ஈ-12 எண்டு வருது. இந்த ஈ என்னத்துக்கு? பூச்சியம் எண்ணி எண்ணிக் கண் பூத்துப் போச்சு. இன்னொண்டு, சப்ளையர் அனுப்பின ஷீட்ல காத்தாலைக்கும் சென்சருக்கும் ஒரே மாதிரி சின்ன எழுத்திலதான் எம் டபிள்யூ எண்டு அடிச்சிருக்கு. எது மில்லி எது மெகா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

சோல்டர்_மாமா:

பிள்ளை, பூச்சியத்தை எண்ணாதேங்கோ, படியை எண்ணுங்கோ. மில்லி, வெறும் வாட், கிலோ, மெகா, கிகா. ஒரு படி ஏறினா ஆயிரம் மடங்கு, அதாவது மூண்டு பூச்சியம். மில்லியில இருந்து கிகாவுக்கு நாலு படி, நாலு மூண்டு பன்னிரண்டு, அந்த 12தான் உங்கட எக்செல் காட்டுறது. ஈ எண்டா பத்தின்ர அடுக்கு, 5ஈ-12 எண்டா 5ஐ 10^12 ஆல பிரிச்சது, வேற ஒரு மந்திரமும் இல்ல. சின்னதில இருந்து பெரிசுக்குப் போனா பிரிக்கோணும், பெரிசில இருந்து சின்னதுக்கு வந்தா பெருக்கோணும், இதை மட்டும் மாறி அடிச்சிடாதேங்கோ.

எங்கட கணக்கில சொன்னா ஒரு கிகாவாட் எண்டது லட்சம் கோடி மில்லிவாட். ஒரு மெகாவாட் நூறு கோடி மில்லிவாட். நொரோச்சோலையில 300 மெகாவாட் மெஷின் மூண்டு, மொத்தம் 900, அதை கிகாவில எழுதினா 0.9, மில்லியில எழுதினா 9ஈ11, தொண்ணூறாயிரம் கோடி. உங்கட 5 மில்லிவாட் சென்சரை வச்சு அந்த 900ஐத் தின்னப் பாத்தா பதினெண்ணாயிரம் கோடி சென்சர் வேணும். இப்ப விளங்குதா ஏன் 0.00 எண்டு காட்டுது எண்டு? அது பிழை இல்ல, ரெண்டு தசமத்தில அவ்வளவுதான் தெரியும்.

கொட்டாஞ்சேனை_கரண்ட்:

மாமா சொன்னது சரி, ஆனா எனக்கு கேள்வியே பிடிக்கலங்க. சென்சரை எதுக்கு கிகாவாட்ல போடணும்? கிகாவாட்ங்கிறது சீனால த்ரீ கோர்ஜஸ் அணை 22.5 கிகாவாட்ன்னு சொல்றாங்களே, அந்த மாதிரி சாமானுக்கு. நம்ம நாடு முழுக்க லைட் போடுற இரவு நேரத்துலயே ரெண்டரை கிகாவாட் சொச்சம்தான் போகுது. விக்டோரியா நீர்மின் நிலையம் 210 மெகாவாட், அதைக்கூட யாரும் 0.21 கிகான்னு சொல்ல மாட்டாங்க. மூல கொலத்தை வெறும் வாட்ல வச்சுட்டு, பக்கத்துல இன்னொரு கொலத்துல பெரியவருக்கு கிகாவாட் காட்டிட்டுப் போங்க, மூல நம்பரை அழிச்சிடாதீங்க தங்கச்சி, நாளைக்கு யாராவது தசமத்தை ரவுண்ட் பண்ணி சேவ் பண்ணா சென்சர் எல்லாம் நிஜமாவே பூச்சியமாப் போயிரும்.

காட்சிக்கு கஸ்டம் ஃபோர்மட்ல ##0.0ஈ+0 ன்னு போடுங்க (ஈயை மட்டும் இங்கிலிஷ் எழுத்துல அடிங்க). அப்படி வச்சா அடுக்கு எப்பவும் மூணு மூணாத்தான் ஏறி இறங்கும், வாட் கொலத்துல மன்னார் 103.5ஈ+6 ன்னு தெரியும், 6ன்னா மெகா, சென்சர் 5.0ஈ-3, அப்ப மில்லி. பாத்த உடனே வாயால படிச்சிரலாம்.

அந்த சின்ன எழுத்து விவகாரம்தான் ஆபத்து. சின்ன எம் மில்லி, கெப்பிட்டல் எம் மெகா, நடுவுல மூணு படி, நூறு கோடி மடங்கு வித்தியாசம். எக்செல்ல கன்வேர்ட் ஃபங்ஷன் இருக்கு, அதுவும் சின்ன எழுத்து பெரிய எழுத்து பாக்கும், சப்ளையர் அடிச்சத அப்படியே தூக்கிக் குடுத்தீங்கன்னா காத்தாலையையும் மில்லியாத்தான் எடுத்துக்கும், எரரும் காட்டாது. நீங்கதான் சாமான் என்னன்னு பாத்துத் திருத்தணும். மன்னார்ல 30 காத்தாலை, ஒவ்வொண்ணும் 3.45, பெருக்குனா 103.5. 3.45 மில்லிவாட்டுக்கு யாராவது கடற்கரையில அவ்வளவு உயரத்துக்குத் தூண் நடுவாங்களா?

ஃபைபர்காரன்:

நாங்க வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுக்கிற ஆட்கள், எங்கட மீட்டர்ல வாட்டே வராது, டிபிஎம்ல வரும். அது 1 மில்லிவாட்டோட ஒப்பிட்டு டெசிபெல்ல சொல்ற அளவு. 0 டிபிஎம் எண்டா 1 மில்லிவாட், 10 கூடினா பத்து மடங்கு, 10 குறைஞ்சா பத்தில ஒண்டு. ரவுட்டருக்கு வாற வெளிச்சம் -20 எண்டு காட்டினா அது 0.01 மில்லிவாட், அதாவது 10 மைக்ரோவாட், அதை வச்சுத்தான் நீங்க டிராமா பாக்கிறது. இதில நல்ல விஷயம் என்னெண்டா ஒவ்வொரு 30 டிபிஎம்மும் மாமா சொன்ன ஒரு படி. 30 ஒரு வாட், 60 ஒரு கிலோவாட், 90 மெகாவாட், 120 எண்டா கிகாவாட். எங்கட மீட்டரில 120 வந்தா மீட்டரும் இருக்காது நானும் இருக்க மாட்டன் 😄 சும்மா சொன்னன், உங்கட ஷீட்டுக்கு இது தேவைப்படாது.

மின்மினி_வெள்ளவத்தை:

படிக் கணக்கு நல்லா விளங்கிட்டு. வாட் கொலம் ஒண்டு தனியாப் போட்டுட்டன், பெரியவருக்கு பக்கத்தில கிகா. இப்ப ரெண்டு ரோ இடிக்குது. ஒண்டில மெகாவாட் இல்ல, 8.76 கிகாவாட் அவர் (மணித்தியாலம்) எண்டு இருக்கு, அதை அப்பிடியே கிகாவாட் கொலத்தில போடலாமோ? மற்றது 40 எம் டபிள்யூ, சின்ன எழுத்து, பெயர் இல்ல, வெறும் பார்ட் நம்பர்தான். சப்ளையருக்கு கோல் எடுத்தா அவைக்கே தெரியாதாம்.

சோல்டர்_மாமா:

ஐயோ போடவே கூடாது. வாட் எண்டது இந்த நிமிஷம் எவ்வளவு வேகமாப் போகுது எண்டது, வாட் அவர் எண்டது மொத்தமா எவ்வளவு போய் முடிஞ்சுது எண்டது. வீட்டு கரண்ட் பில்லில யுனிட் எண்டு போடுறாங்களே, ஒரு யுனிட் ஒரு கிலோவாட் அவர், 2 கிலோவாட் கேத்தல் அரை மணித்தியாலம் கொதிச்சா ஒரு யுனிட். எவ்வளவு நேரம் ஓடினது எண்டு தெரியாம ஒண்டை மற்றதா மாத்தேலாது.

ஆனா 8.76 எண்ட நம்பரைப் பாத்த உடனேயே எனக்குச் சந்தேகம். வருஷத்துக்கு 8,760 மணித்தியாலம். 1 மெகாவாட் ஒரு வருஷம் நிக்காம ஓடினா சரியா 8.76 கிகாவாட் அவர். யாரோ 1 மெகாவாட் சிஸ்டத்தை 8,760 ஆல பெருக்கி வச்சிருக்கினம் போல, சோலார் எண்டா அது நடக்கவே நடக்காது, ராத்திரியில எங்க வெயில்? அந்த ரோவில சிஸ்டம் சைஸ் என்ன எண்டு உங்கட எஞ்சினியரிட்டக் கேட்டுட்டுப் போடுங்கோ.

கொட்டாஞ்சேனை_கரண்ட்:

அந்த 40 எம் டபிள்யூ ரோவுல பக்கத்துல வோல்ட், அம்பியர் எதுவும் இருக்கான்னு பாருங்க.

மின்மினி_வெள்ளவத்தை:

இருக்கு. 3.3 வோல்ட், அடுத்த கொலத்தில 12 எம் ஏ.

கொட்டாஞ்சேனை_கரண்ட்:

அப்ப முடிஞ்சுது. 12 மெகா அம்பியர் எந்த வயர்லயும் போகாது, மில்லிதான். 3.3ஐ 12ஆல பெருக்குங்க, 39.6 மில்லிவாட், அதைத்தான் ரவுண்டா 40ன்னு போட்டிருக்காங்க. வாட்ல 0.04, பெரியவர் கொலத்துல 4ஈ-11.