புதுப்பிப்பு: சீனச் சொற்களும் என் படக்கதைகளும்
மூன்று மாதத்துக்கு முன், படம் கற்பனை செய்து சீனச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன், பொருள் நிற்கிறது, தொனிதான் (சொல்லை உச்சரிக்கும் குரலின் ஏற்ற இறக்கம், அது மாறினால் பொருளே மாறிவிடும்) நழுவுகிறது என்று புலம்பியிருந்தேன். இப்போது நான்கு தொனிக்கும் நான்கு இடம் ஒதுக்கிவிட்டேன்: மேலேயே நிற்கும் முதலாவதுக்கு மொட்டைமாடி, ஏறும் இரண்டாவதுக்குப் படிக்கட்டு, தாழ்ந்து எழும் மூன்றாவதுக்குக் கிணறு, சட்டென்று இறங்கும் நான்காவதுக்குச் சறுக்குமரம். 'மை' மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காவதில் விற்பது. அதனால் கிணற்றுக்குள் ஒருவர் மைப்புட்டி வாங்குகிறார், சறுக்கிக்கொண்டே இன்னொருவர் விற்கிறார். கிறுக்குத்தனம்தான், ஆனால் அப்புறம் இரண்டும் குழம்பவே இல்லை. (எளிதாக்கிய சீன எழுத்துவடிவில் 'வாங்கு' என்ற எழுத்தின் தலையில் கூட்டல் குறி மாதிரி ஒன்றை வைத்தால் 'விற்பனை', அதற்குக் கதையே வேண்டாம்.) வேகமான பேச்சில் மட்டும், படம் வருவதற்குள் ஆள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார், அதற்குத் திரும்பத் திரும்பக் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.