டிடிபி கடைக்கு சிஸ்டம் மாத்தணும்: விண்டோஸ் 11-ஆ, மேக் மினியா, லினக்ஸா?

காவேரிக்கரை_டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புக், இதுதான் வேலை. இப்ப இருக்கிற சிஸ்டம் ஐ5 ஏழாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சு போச்சுன்னு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு, சரி 11 ஏத்திடலாம்னு பாத்தா உங்க கம்ப்யூட்டருக்கு தகுதி இல்லைங்குது.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பையன் பிஎஸ்சி சிஎஸ் ரெண்டாம் வருஷம், அவன் மேக் மினி வாங்கும்மா கலர் சூப்பரா இருக்கும்னு குதிக்கிறான். என் தம்பி லினக்ஸ் போடு காசே செலவில்லைங்கிறான். சிஸ்டம் சர்வீஸ் பண்ற தம்பி மட்டும் புது விண்டோஸ் பிசி எடுங்கக்கா மத்ததெல்லாம் ஒத்துவராதுன்னு சொல்லிட்டு போயிட்டாரு, ஏன்னு சொல்லல. கையில 60 ஆயிரம் வரைக்கும் இருக்கு.

வேலை பாக்கிற சாஃப்ட்வேர் பேஜ்மேக்கர் 7, கோரல் டிரா எக்ஸ்7, ஒரு பழைய போட்டோஷாப், கணக்குக்கு டாலி. டைப் பண்றது பாமினி ஃபான்ட்டுல, கொஞ்சம் வானவில்ல. மார்கழி முடிஞ்சா தை முகூர்த்தம் வரிசையா வருது, இப்பவே ஆர்டர் குமிஞ்சிருக்கு, இந்த நேரத்துல சிஸ்டம் படுத்துச்சுன்னா நானும் படுக்க வேண்டியதுதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எம்ஃபோர்_மச்சான்:

அக்கா உங்க பையன் சொல்றத கேளுங்க. எம்4 மேக் மினி வந்தப்ப விலை 59,900, அடிப்படை மாடல்லயே 16 ஜிபி ரேம் இருக்கு, காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு ஸ்டூடன்ட் விலையில 49,900-க்கு குடுத்தாங்க, இப்ப என்ன விலைன்னு ஆப்பிள் சைட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க. உள்ளங்கையை விட கொஞ்சம் பெருசு, சத்தம் வராது, கரண்ட் ரொம்ப கம்மியா எடுக்கும், கடையில சின்ன யுபிஎஸ் இருந்தாலே ரொம்ப நேரம் தாங்கும். தமிழ் 99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் மேக்லயே வருது, தனியா எதுவும் போட வேண்டாம். மானிட்டர் கீபோர்டு மவுஸ் மட்டும் உங்களோடது, பழசையே மாட்டிக்கலாம். நான் 2020-ல எம்1 வந்தப்ப மாறுனவன், திரும்பிப் பாக்கவே இல்ல.

பிரஸ்தெரு_பெரியவர்:

தம்பி, அந்தம்மா என்ன சாஃப்ட்வேர்னு தெளிவா எழுதியிருக்காங்க, அதைப் படிச்சீங்களா இல்லையா?

பேஜ்மேக்கர் பொறந்ததே மேக்குல தான், 1985-ல ஆல்டஸ் கம்பெனி போட்டது, டிடிபின்னு ஒரு தொழிலே அதுலேருந்துதான் கிளம்புச்சு. ஆனா இன்னைக்கு மேக்ல அது ஓடாது. கடைசியா வந்த 7 கூட பழைய மேக் ஓஎஸ் 9-க்கு எழுதுனது, அதை ஓட்டிக் காட்டுற வசதியை ஆப்பிள் 2007-லயே தூக்கிட்டான். சரி, பேஜ்மேக்கருக்கு அடுத்து அடோபி போட்ட இன்டிசைன்ல திறந்துக்கலாம்னு நினைப்பீங்க. சிஎஸ்6 வரைக்கும்தான் இன்டிசைன் பேஜ்மேக்கர் ஃபைலை திறக்கும், இப்ப மாசக் காசு கட்டி வாங்குறோமே அந்த இன்டிசைன் திறக்காது. அம்மா, உங்ககிட்ட எத்தனை வருஷத்து பில் புக்கும் பத்திரிகையும் பிஎம்டி ஃபைலா, அதான் பேஜ்மேக்கர் ஃபைலா கிடக்கும்? கஸ்டமர் வந்து "போன தடவை அடிச்சோமே அதே தான், நம்பர் மட்டும் மாத்துங்க"ன்னு நிப்பாரு, அதுதான் நமக்கு நோகாம வர்ற காசு. அந்த ஃபைல் திறக்கலன்னா முதல்லேருந்து கோடு போட்டு உக்காரணும்.

கோரல் எக்ஸ்7-ம் விண்டோஸ் மட்டும்தான். மேக்குக்கு கோரல் 2019-ல திரும்ப வந்துச்சு, ஆனா அதுக்கு தனியா காசு. டாலி பிரைமும் விண்டோஸுக்கு எழுதுனது. மேக்குக்குள்ள பேரலல்ஸ் போட்டு விண்டோஸ் ஓட்டலாம்னு யாராவது வருவாங்க. ஓட்டலாம், அது ஆர்ம் வகை சிப்புக்கான விண்டோஸ், பேரலல்ஸுக்கும் காசு, விண்டோஸுக்கும் காசு, கடைசியில விண்டோஸ்ல தானே வேலை பாக்கப் போறீங்க.

அப்புறம் கலர். சும்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க மேக்ல கலர் நல்லாருக்கும்னு. நம்ம வேலை சிஎம்ஒய்கே, அதாவது நாலு கலர் மையில அச்சு, ஸ்கிரீன்ல தெரியிறது மானிட்டரைப் பொறுத்தது, பழைய மானிட்டரையே மேக் மினியில மாட்டுனா அதே பழைய கலர்தான் தெரியும். கலர் வேணும்னா நல்ல ஐபிஎஸ் மானிட்டருக்கு காசு போடுங்க.

யாழ்_அச்சகம்:

வணக்கம் அக்கா. நாங்களும் இஞ்ச பாமினிதான் கன காலமா பாவிச்சனாங்கள், அதால உங்கட நிலைமை விளங்குது. ஒரு விசயம் மேல ஒருத்தரும் சொல்லேல்ல. பாமினி வெறும் எழுத்துரு. இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்தில தமிழ் உருவத்தை வச்சிருக்கினம், அவ்வளவுதான். எழுத்துருவை எடுத்துப்போட்டுப் பாத்தா தமிழ் எண்ட சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி எண்டு கிடக்கும். அதால பாமினியை மேக்கிலயும் லினக்ஸிலயும் போட்டு அப்பிடியே அடிக்கலாம், பிரச்சினை இல்லை. வானவில் மாதிரி தனி கீபோர்டு மென்பொருள் வேணும் எண்டுறதுகள்தான் விண்டோஸை விட்டு வெளிய வராது.

நாங்கள் லினக்ஸ் மின்ட்டுக்கு மாறிட்டம், புத்தக வேலைக்கு. ஸ்க்ரைபஸ் எண்ட இலவச பக்க வடிவமைப்பு மென்பொருளின்ர 1.6 2024 ஜனவரியில வந்தது, அதிலதான் தமிழ் யூனிகோட் (எல்லா கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) நிலையான பதிப்பில ஒழுங்கா வரத் தொடங்கினது, அதுக்கு முதல் கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும். பழைய பாமினி மேட்டரை ஓப்பன்-தமிழ் எண்ட பைத்தான் நூலகத்தால யூனிகோடுக்கு மாத்தினாங்கள். மின்ட் 22-க்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும், உங்கட ஏழாம் தலைமுறை மெசினில நல்லா ஓடும். ஆனா உண்மையைச் சொல்லோணும், நாங்கள் செய்யிறது புத்தகம். எழுத்து ஓடிக்கொண்டே போகும், வடிவம் ஒண்டுதான். உங்களுக்கு ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு வடிவம், கோரல் இல்லாமல் இங்க்ஸ்கேப் எண்ட இலவச வரைகலை மென்பொருளில அதைச் செய்யலாம், கை பழக ஒரு முகூர்த்த சீசன் போயிடும். பிரின்டரையும் பாருங்கோ, கடையள்ல இருக்கிற சின்ன லேசர் பிரின்டர் சிலதுக்கு லினக்ஸ் டிரைவர் பெரிய தலையிடி.

காவேரிக்கரை_டிடிபி:

பெரியவரே நீங்க சொன்னப்புறம் தான் எண்ணிப் பாத்தேன், பிஎம்டி ஃபைல் மட்டும் மூணு ஃபோல்டர் நெறைய கிடக்கு. யாழ்ப்பாணத்து சகோதரருக்கு நன்றி, நானும் வாட்ஸ்அப்ல வர்ற மேட்டரை என்எச்எம் கன்வெர்ட்டர்ல போட்டு பாமினியாக்கித் தான் பேஜ்மேக்கர்ல ஒட்டுறேன், நீங்க அப்படியே உல்ட்டாவா பண்றீங்க.

பையன் இப்ப வேற ஒண்ணு சொல்றான். புது மேக் வேணாம்னா பழைய இன்டெல் மேக்புக் ஏர் ஒண்ணு 25 ஆயிரத்துக்கு வருதாம், அதுல விண்டோஸும் போட்டுக்கலாம் மேக்கும் வச்சுக்கலாம், ரெண்டும் ஒரே மெஷின்லங்கிறான். இது நல்ல யோசனையா? எனக்கென்னவோ அவனுக்கு மேக் வேணும்ங்கிறது மட்டும்தான் தெரியுது 😄

ஸ்குரூடிரைவர்_சிவா:

வேண்டவே வேண்டாம் அக்கா. மேக்ஓஎஸ் 26 டஹோ தான் இன்டெல் மெஷினுக்கு கடைசின்னு ஆப்பிளே 2025 ஜூன்ல சொல்லிட்டான், அதுவும் விரல் விட்டு எண்ற நாலு மாடலுக்குத்தான் வந்துச்சு, இன்டெல் ஏர் ஒண்ணுகூட அதுல இல்ல. பூட் கேம்ப்னு ஆப்பிளே குடுக்கிற வசதியில விண்டோஸ் போடலாம்ங்கிறது சரி, ஆனா அதுவும் 10 தான், நீங்க எதுலேருந்து தப்பிக்கப் பாக்குறீங்களோ அதுலயே திரும்ப வந்து நிப்பீங்க. ரேமும் மாத்த முடியாது, போர்டுலயே ஒட்டியிருக்கும்.

உங்க மெஷினை ஏன் 11 வேணாம்னு சொல்லுதுன்னா டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு சிப் கேக்குது, அதோட இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ இருக்கணும். ஒரே ஒரு ஜெனரேஷன்ல நீங்க அவுட். ரூஃபஸ்னு ஒரு டூல் வச்சு இந்த செக்கை எல்லாம் தாண்டி 11 போடுறாங்க, நானே வீட்டு மெஷின்ல போட்டுருக்கேன், ஆனா மைக்ரோசாஃப்ட் அதுக்கு அப்டேட் வரும்னு வாக்கு குடுக்கல, கடை மெஷின்ல அந்த விளையாட்டு வேணாம்.

இப்ப அவசரமே இல்ல உங்களுக்கு, அதை யாரும் சொல்லலயே. விண்டோஸ் 10-க்கு இன்னும் ஒரு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் தனியா தர்றாங்க, 2026 அக்டோபர் 13 வரைக்கும். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே என்ரோல்னு ஒரு லிங்க் இருக்கும், உங்களோடது 22எச்2 வெர்ஷனா இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேணும், செட்டிங்ஸை அவங்க கிளவுட்ல பேக்கப் பண்ண ஓகே சொன்னா காசு இல்ல, அது பிடிக்கலன்னா 30 டாலர். அதை இன்னைக்கே பண்ணிடுங்க. கூடவே அந்த ஹார்ட் டிஸ்கை கழட்டிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்க, பழைய டிஸ்கை அப்படியே குளோன் பண்ணிக்கலாம், எதையும் திரும்ப இன்ஸ்டால் பண்ண வேண்டாம். மெஷின் ஸ்லோன்னு நீங்க நினைக்கிறதுல முக்கால்வாசி அந்த டிஸ்க்தான். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் இதுலயே ஓட்டிட்டு ஆடியில கடை சும்மா இருக்கிறப்ப புதுசு எடுங்க. அக்டோபருக்கு முன்னாடியே ஆடி வந்துரும்.

எம்ஃபோர்_மச்சான்:

சிவா சொல்றதுல ஒண்ணு இடிக்குது. ரேம் விலை எங்க போயிட்டு இருக்குன்னு பாக்குறீங்களா? ஏஐ டேட்டா சென்டருக்கு எல்லாத்தையும் அள்ளிட்டு போறாங்க, மைக்ரான் காரன் க்ரூஷியல்ங்கிற பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கிற வியாபாரத்தையே மூடுறோம்னு 2025 டிசம்பர்ல அறிவிச்சுட்டான். ஆடி வரைக்கும் காத்திருந்தா இதே 60 ஆயிரத்துக்கு இதைவிட சுமாரான பிசி தான் வரும். மேக் வேணாம்னு ஒத்துக்குறேன், பேஜ்மேக்கர் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா வாங்குறதை தள்ளிப்போடாதீங்க.

ஸ்குரூடிரைவர்_சிவா:

அது நியாயம் தான் ப்ரோ, ரேம் விலையை நான் கணக்குல எடுக்கல. ஆனா முகூர்த்த சீசன் நடுவுல புது மெஷின்ல பேஜ்மேக்கர் போட்டு, போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் டிரைவர் செட் பண்ணி, எல்லா ஃபான்ட்டும் ஏத்தி சோதிக்கிறதுக்கு அக்காவுக்கு நேரம் எங்க இருக்கு. வேணும்னா இப்படி பண்ணலாம், புதுசை இப்பவே வாங்கி ஓரமா வைங்க. 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, ஐ3 பன்னெண்டாவது ஜெனரேஷன் இல்ல ரைசன் 5 போதும், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் தேவையே இல்ல, கடைக்காரர் தலையில கட்டப் பாப்பாரு. மெயில், வாட்ஸ்அப், ஜிஎஸ்டி, கஸ்டமர் கேன்வால பண்ணிக்கிட்டு வர்ற டிசைன், இதெல்லாம் அதுக்கு மாத்திடுங்க. பழைய மெஷின்ல பேஜ்மேக்கரும் கோரலும் மட்டும், நெட் கேபிளை உருவிடுங்க, பென்டிரைவ்ல ஃபைல் போகட்டும். அதையும் ஸ்கேன் பண்ணிட்டு சொருகுங்க. நெட்டே இல்லாத மெஷினுக்கு அப்டேட் வரலன்னு யாரும் பயப்பட வேண்டியதில்ல, அப்ப அந்த என்ரோல் கூட தேவைப்படாது.

பிரஸ்தெரு_பெரியவர்:

சிவா சொன்னது தான் என் ஓட்டும். எங்க கடையில பதினொண்ணுலயும் பேஜ்மேக்கர் 7 ஓடிக்கிட்டுதான் இருக்கு, அதனால ஆடியில நிதானமா ஒவ்வொண்ணா மாத்திக்கலாம்.

அம்மா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. புது ஆர்டர் வந்தா அதை பாமினியில ஆரம்பிக்காதீங்க. கோரல் எக்ஸ்7-ல யூனிகோட் தமிழ் நல்லாவே வரும், விண்டோஸ் 11-ல தமிழ் 99 கீபோர்டும் உள்ளேயே இருக்கு, கஸ்டமர் வாட்ஸ்அப்ல அனுப்புற பேரை அப்படியே ஒட்டலாம், கன்வெர்ட்டர்ல போட்டு எடுக்கிற வேலையும் இல்ல. போட்டோஷாப்ல ஒட்டுறப்ப கொம்பு பிரிஞ்சு நின்னா டைப் செட்டிங்ல தெற்காசிய மொழிங்கிற ஆப்ஷனை மாத்தணும், ரொம்பப் பழைய போட்டோஷாப்னா அது இருக்காது. பழைய பிஎம்டி எல்லாத்தையும் மாத்துறேன்னு உக்காராதீங்க, கஸ்டமர் திரும்ப வர்றப்ப வர்றப்ப ஒவ்வொண்ணா மாத்தினா போதும்.

காவேரிக்கரை_டிடிபி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எஸ்எஸ்டி நாளைக்கு சர்வீஸ் தம்பிகிட்ட சொல்றேன், புது பிசி பொங்கலுக்குள்ள பாத்துடறேன். நெட் கேபிளை உருவுனா டாலி என்ன ஆகும், லைசென்ஸ் செக் பண்ண நெட் கேக்குமே?

ஸ்குரூடிரைவர்_சிவா:

டாலியை புது பிசிக்கே தூக்கிடுங்க. பழசுல லைசென்ஸை முதல்ல சரண்டர் பண்ணிட்டு அப்புறம் புதுசுல ஆக்டிவேட் பண்ணணும், அதுக்கு நெட் வேணும், அதனால கேபிளை உருவுறதுக்கு முன்னாடி அதை முடிச்சுடுங்க. கம்பெனி டேட்டா ஃபோல்டரை முதல்ல பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேத்து.

எம்ஃபோர்_மச்சான்:

பையனுக்கு மேக் வேணும்னா அவனையே சம்பாதிச்சு வாங்கச் சொல்லுங்க அக்கா, நானும் அப்படித்தான் வாங்குனேன் 😂